வாழ்த்து அட்டை

தாழ், தாழ்த்து என்றும் வீழ், வீழ்த்து என்றும் ஆவதுபோல, வாழ் என்ற தன்வினையிலிருந்து பிறந்த பிறவினை வாழ்த்து. 'வாழச் செய்' என்பதே அதன் அடிப்பொருள். அட்டையின் கதை வேறு: 1843இல் லண்டனில் ஹென்றி கோல், ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் செய்து கிறிஸ்துமஸ் அட்டை அச்சிட்டார். வழக்கம் அங்கிருந்து வந்ததால் பெயரும் ஆங்கிலத்தின் நிழலே என்பார்கள். அட்டை இறக்குமதிதான். ஆனால் 'கிரீட்டிங்' என்ற ஆங்கிலப் பெயரின் முதற்பொருள் எதிர்ப்பட்டவரிடம் முகமன் கூறுவது. அதற்கு ஈடாக வணக்கம், முகமன் என்ற சொற்கள் நம்மிடம் இருந்தும், பொங்கலுக்கு அனுப்பிய அட்டையை வாழ்த்து என்றே அழைத்தோம்.

வாழ்த்துவது மூத்தோர் உரிமை, 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று மேடையில் சொல்கிறோமே, ஒத்த வயதினர் அனுப்பிக்கொள்வது எப்படி வாழ்த்தாகும் என்ற தடை இன்னும் வலுவானது. பழைய இலக்கியம் அதை ஏற்கவில்லை. புறநானூற்றில் பரிசில் நாடி வந்த புலவர்தான் மன்னனை வாழ்த்துகிறார். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் புறநிலை வாழ்த்துக்கும் வயது நிபந்தனை இல்லை. தெய்வக் காப்பும் தலைமுறைச் செழிப்பும் வேண்டும் விருப்பமே போதும். ஆகவே பேரன் தாத்தாவுக்கு அனுப்பும் பொங்கல் அட்டையும் முழு வாழ்த்தே. 'வாழ்த்து மடல்' என்பாரும் உண்டு. பனையை நினைவூட்டும் அழகான சொல் அது. என்றாலும் மடிக்காத கெட்டித் தாளுக்கு அட்டை என்பதே பொருத்தம்.