பேனும் சடையும்: துறவின் வரலாற்றில் ஒரு சிறு பக்கம்

சடைமுடியையும் மழித்த தலையையும் துறவின் குறியீடுகளாகப் படித்தே நாம் பழகியிருக்கிறோம். அவற்றுக்குப் பின்னே மிக எளிய உடற்சிக்கல் ஒன்றும் உண்டு. அது பேன்.

பண்டைய இந்திய நூல்களுக்குப் பேன் அந்நியமானதன்று. அர்த்தசாஸ்திரத்தின் நீட்டலளவையில் எட்டு ஈர் ஒரு பேன். எட்டுப் பேன் ஒரு வாற்கோதுமையின் நடு அகலம். அளவுகோலாகும் அளவுக்கு அது அன்றாட வாழ்வில் கலந்திருந்தது. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் பேனைப் புற அழுக்கில் தோன்றும் கிருமியாக வகைப்படுத்துகிறது. தூய்மையின்மையைக் காரணமாகச் சுட்டி, கையால் அகற்றுதல், அழுக்கை நீக்குதல், காரணத்தைத் தவிர்த்தல் ஆகியவற்றைச் சிகிச்சையாக வகுக்கிறது.

துறவியர் இதை எப்படி எதிர்கொண்டனர்? பௌத்த விநய மரபு முடியை இரண்டு மாதத்துக்கோ இரண்டு விரற்கடைக்கோ மேல் வளரவிடக் கூடாது என விதித்தது. உருவேலாவின் காசியப சகோதரர் மூவரும் தம் சடைகளைக் களைந்து நேரஞ்சரை ஆற்றில் விட்டே சங்கத்தில் சேர்ந்தனர் என்கிறது அதே மரபு. சமணருக்கோ சிக்கல் வேறு. முடி வளர்ந்தால் பேன் சேரும், சொறிந்தால் அது சாகும், கொல்லாமை குலையும். ஆகவே முடியைக் கையால் பறித்துக் களைதல் அவர்களிடம் நோன்பாயிற்று. சடை வளர்த்த துறவியரோ சீப்பையே துறந்தவர்கள்.

பேனை வைத்து ஓர் அரசே தன் அறத்தை அறிவித்த கதையும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட சாளுக்கிய மன்னன் குமாரபாலன் சமணச் சார்புடையவன். பேன் ஒன்றை நசுக்கிக் கொன்ற வணிகனின் செல்வத்தைக் கொண்டு அணகிலபாடகத்தில் ‘யூகா விகாரம்’, அதாவது பேன் கோயில், எழுப்பச் செய்தான் என்று மேருதுங்கரின் பிரபந்தசிந்தாமணி கூறுகிறது. நடந்ததோ இல்லையோ, பேனின் உயிர் அரசநீதியின் பொருளாகக் கருதப்பட்டதற்கு இக்கதை சான்று.

இம்மரபுகளில் முடியைப் பற்றிய முடிவைத் துறவி தானே எடுத்தார். அந்த முடிவு தன் கையில் இல்லாதவர்களும் உண்டு. மகாராஷ்டிர, வடகர்நாடகக் கிராமங்களில் பெண்ணொருத்தியின் கூந்தல் சிக்குண்டு சடையாகும்போது, அது எல்லம்மாவின் அழைப்பு என ஊர் முடிவு செய்வதுண்டு. பிறகு சீப்பு கூடாது, கத்தரி கூடாது. சிலர் அம்மனுக்கு நேர்ந்துவிடப்பட்டார்கள். நேர்ந்துவிடுதலைக் கர்நாடகம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. நரேந்திர தாபோல்கர் 1989இல் நிறுவிய மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பின் தொண்டர்கள் இப்பெண்களிடம் பேசி, அவர்கள் இசைவுடன் சடை களையும் பணியைத் தொடர்கிறார்கள். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே பேனின் இயல்பை அறிவது உதவும். தலைப்பேன் சடையின் நுனியில் வாழ்வதில்லை. குருதி கிடைக்கும் உச்சந்தோலை ஒட்டியே வாழ்கிறது. ஈரும் முடியின் அடியில்தான் ஒட்டப்படுகிறது. தலையைவிட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் மடியும். அது பெரும்பாலும் தலையோடு தலை தொடுவதால் பரவுகிறது, அழுக்கினால் அன்று. இவ்விடத்தில் சரகர் கூற்றை நாம் திருத்திக்கொள்ள வேண்டும். பேன் சீப்பு சடைக்குள் நுழையாது என்பது உண்மையே. ஆனால் சடைகளைப் பிரித்து ஒதுக்கி, காதின் பின்புறமும் பிடரியும் தவறாமல், பெர்மெத்ரின் போன்ற மருந்தை உச்சந்தோலில் படும்படி இட்டு, தப்பிய ஈர் பொரிந்தபின், ஏழு முதல் பத்து நாளில், மீண்டும் இடலாம். தலையணை, துண்டு முதலியவற்றைப் பகிராமல் இருப்பது கூடுதல் காப்பு. ஆகவே பேனை ஒழிக்கச் சடையை வெட்டியே தீர வேண்டும் என்பதில்லை.

‘பேன் பிடித்த தலை, வெட்டிவிடு’ என்ற அருவருப்பும் ‘அம்மன் சடை, மருந்து படக் கூடாது’ என்ற அச்சமும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒன்றையே செய்கின்றன. இரண்டும் அந்தப் பெண்ணைக் கேட்பதில்லை. சடையை வைத்துக்கொள்வதும் களைவதும் அவள் உரிமை. அரிப்பின்றி உறங்குவதும் அவ்வாறே.