முதலிடத்துக் கடைகள் ஏன் சரிந்தன?

1933ல் அமெரிக்காவில் ஒரு தடிமனான புத்தகம் வந்தது. எழுதியவர் ஹொரேஸ் செக்ரிஸ்ட், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘வணிகத்தில் நடுத்தரத்தின் வெற்றி’. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். வியாபாரம் ஏன் படுத்துப்போச்சு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர் எண்களோடு ஒரு பதிலைக் கொண்டுவந்தார்.

அவர் செய்தது இதுதான். டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள், ஹார்டுவேர் கடைகள், வங்கிகள், ரயில்வே கம்பெனிகள் என்று துறை துறையாகப் பல வருடக் கணக்குகளைச் சேகரித்தார். விற்பனையில் எத்தனை சதவீதம் செலவு, எத்தனை சதவீதம் லாபம் என்று பார்த்தார். முதல் வருடத்துக் கணக்கை வைத்துக் கடைகளை நல்லது முதல் மோசமானது வரை குழுக்களாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு குழுவின் சராசரியும் வருடா வருடம் எங்கே போகிறது என்று வரைபடம் போட்டார். எந்தத் துறையை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே படம்: மேலே இருந்த குழு இறங்கி வந்தது, கீழே இருந்த குழு ஏறி வந்தது, எல்லாம் நடுவில் வந்து கூடின.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு பெரியது. போட்டி நல்ல வியாபாரியையும் கீழே இழுக்கிறது, திறமையில்லாதவன் மற்றவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மேலே வருகிறான், கடைசியில் எல்லாரும் நடுத்தரம். இது இயற்கை விதிதானா என்று சோதிக்க ஊர்களின் வெப்பநிலையைக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறார். சூடான ஊர் பல வருடம் கழித்தும் சூடாகவே இருந்தது. ஆகவே இது வியாபாரத்துக்கே உரிய நோய் என்று உறுதி செய்துகொண்டார். ஆரம்பத்தில் வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் பாராட்டின.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஹோட்டெல்லிங் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் ஒரு மதிப்புரை எழுதினார். மரியாதையான நடைதான், ஆனால் புத்தகத்தின் அடித்தளமே போய்விட்டது.

அவர் சொன்னதை நம்ம ஊர்ப் பரீட்சையை வைத்துச் சொல்கிறேன். அரையாண்டில் முதல் பத்து ராங்க் வாங்கியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முழுஆண்டில் அந்தப் பத்துப் பேரின் சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அரையாண்டில் அவர்களில் சிலருக்குப் படித்த கேள்வியே வந்திருக்கும். அந்த அதிர்ஷ்டம் மறுபடி வராது. அதனால் வகுப்பே நடுத்தரமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? முழுஆண்டிலும் முதல் பத்துப் பேர் இருக்கத்தான் செய்வார்கள், அதே உயரத்தில். ஆட்களில் சிலர் மாறியிருப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று: முழுஆண்டு ராங்க்கை வைத்துப் பிரித்துவிட்டு, பின்னோக்கி அரையாண்டு மார்க்கைப் பாருங்கள். அப்போதும் குழுக்கள் நடுவில் வந்து சேரும். காலத்தைத் திருப்பிப் போட்டாலும் நடப்பது எப்படிப் போட்டியின் விளைவாக இருக்க முடியும்?

கடைகள் உண்மையிலேயே நடுத்தரத்தை நோக்கிப் போகின்றனவா என்று தெரியவேண்டுமானால், குழுச் சராசரியை விட்டுவிட்டு, தனித்தனிக் கடைகளுக்கு இடையிலான விரிவு வருடா வருடம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். செக்ரிஸ்டின் கணக்கு அதைக் காட்டவில்லை. வெப்பநிலை ஏன் அசையவில்லை என்பதற்கும் இதுவே பதில். ஓர் ஊரின் சூட்டைத் தீர்மானிப்பது அது இருக்கும் இடம். அதிர்ஷ்டத்தின் பங்கு சொற்பம். கடையின் லாபத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம்.

செக்ரிஸ்ட் ஏற்கவில்லை, இதழுக்குப் பதில் எழுதினார். ஹோட்டெல்லிங்கின் மறுபதில்தான் இன்றுவரை பேசப்படுகிறது: யானைகளை வரிசை வரிசையாக நிறுத்தி வாய்ப்பாட்டை நிரூபித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு மிருகமாகக் கொண்டுவந்து அதையே மறுபடி நிரூபிப்பது போன்ற வேலை இது என்று. இத்தனைக்கும் கால்டன் 1886லேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து இதே விஷயத்தை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘நடுத்தரம்’ என்ற அதே சொல் இருக்கிறது!

செக்ரிஸ்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இன்றைக்கும் மாசக் கடைசியில் பல சேல்ஸ் மீட்டிங்குகளில் நடப்பது இதே தவறுதான், சின்ன அளவில்.

ஒரு கணக்குப் போடுவோம். பன்னிரண்டு ரெப்கள். எல்லாருக்கும் துல்லியமாக ஒரே திறமை என்று வைத்துக்கொள்வோம்: நாலு கடைக்குப் போனால் ஒரு ஆர்டர். மாசம் ஆளுக்கு 40 விசிட். சராசரி 10 ஆர்டர். திட்ட விலக்கம் சுமார் 2.7. அப்படியென்றால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே முதலிடத்தில் இருப்பவருக்கு 14 அல்லது 15, கடைசியில் இருப்பவருக்கு 5 அல்லது 6 வரும். ஒருவர் மற்றவரைப் போல இரண்டரை மடங்கு! மேனேஜர் முதலாமவருக்குக் கேடயம் கொடுக்கிறார், கடைசி ஆளை ரூமுக்குக் கூப்பிட்டுக் காய்ச்சுகிறார். அடுத்த மாசம் இருவருமே 10க்குப் பக்கத்தில் வருவார்கள். பாராட்டினா தலைக்கனம் வருது, திட்டினாத்தான் வேலை நடக்குது என்று மேனேஜர் பாடம் கற்றுக்கொள்வார். அவருடைய அனுபவம் பொய்யில்லை, கண்ணால் பார்த்ததுதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

இதைப் பிடிக்கும் கருவிகள் செக்ரிஸ்ட் எழுதும்போதே இருந்தன. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் 1899ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட்டுக்கு, நாலைந்து சோதனை முடிவுகளை வைத்துப் பார்லியையும் ஹாப்ஸையும் எடைபோட வேண்டியிருந்தது. அன்றைய சூத்திரங்கள் பெரிய மாதிரிகளுக்கானவை. 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்துத் தன் கணக்கைச் சரிபார்த்தார். 1908ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். விளைவு நடைமுறையில் இப்படி: ஒரு ரெப்பின் நாலு மாச விற்பனைச் சராசரியைச் சுற்றி 95 சதவீத எல்லை போட, திட்டப் பிழையை 1.96ஆல் பெருக்கினால் போதாது; 3.18ஆல் பெருக்கவேண்டும். குறைந்த தகவலுக்கு அதுதான் விலை.

1933லேயே நெய்மனும் ஈகன் பியர்சனும் கருதுகோள் சோதனைக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். மறுவருடம் நெய்மன் லண்டனில் நம்பிக்கை இடைவெளியை முன்வைத்தார். கூட்டத்தில் இருந்த பௌலி, இந்த ‘நம்பிக்கை’ ஏதாவது ஏமாற்று வித்தையோ என்று சந்தேகப்பட்டாராம். சந்தேகம் நியாயமானதுதான். 95 சதவீதம் என்பது அந்த முறை எத்தனை தடவை சரியாக வரும் என்பதைத்தான் சொல்கிறது, கையில் இருக்கும் இந்த ஒரு இடைவெளியைப் பற்றியதல்ல. இது புரியாமல் பாஸ் பண்ணியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு ரெப்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 40 விசிட். ஒருவருக்கு 12 ஆர்டர், இன்னொருவருக்கு 8. அதாவது 30 சதவீதமும் 20 சதவீதமும். இருவரும் சமம் என்ற கருதுகோளை வைத்துச் சோதித்தால், இந்த அளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். வித்தியாசத்துக்கான 95 சதவீத இடைவெளி மைனஸ் 9 முதல் பிளஸ் 29 புள்ளி வரை. சோதனை ‘தெரியவில்லை’ என்று மட்டும் சொல்கிறது. இடைவெளி அதைவிட நேர்மையாக, எவ்வளவு தெரியவில்லை என்பதையும் காட்டுகிறது: முதலாமவர் மூன்று மடங்கு கெட்டிக்காரராகவும் இருக்கலாம், இரண்டாமவரே மேலானவராகவும் இருக்கலாம். அதே சதவீதங்கள் 400 விசிட்டில் வந்திருந்தால் இடைவெளி 4 முதல் 16 வரை சுருங்கும். அப்போது பேசலாம். அப்போதும், ஒருவருக்கு பஜார் லைன், மற்றவருக்குப் புறநகர் என்று ஏரியா பிரித்திருந்தால் அந்த வித்தியாசம் ஆளுடையதா ஏரியாவுடையதா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

மாசம் 40 விசிட் போகிறவர் 400 விசிட் முடிக்கப் பத்து மாசம் ஆகும். கடைசி இடத்தில் இருந்தவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.