ஏழு நாள் தூரம், நான்கு மணி நேரமான கதை

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். இன்று விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இரண்டரை மணி வேறுபாடு இருப்பதால், இங்குக் காலை 10 மணிக்குப் புறப்படுபவர் அங்கு 11.30 மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறார். ஒன்றரை மணியில் போய்ச் சேர்ந்ததுபோல் தோன்றும்!

நம் தாத்தா பாட்டிகளுக்கு இதே தூரம் ஏறக்குறைய ஒரு வாரம். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ரஜூலா கப்பலை நம்மில் பலர் அறிவோம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. பெரும்பாலோர் தளப் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்கு வீடு. கரை கண்ட பிறகும் காத்திருப்பு உண்டு. நோய்த் தடுப்புக்காகப் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பயணிகளைத் தங்கவைத்த காலம் அது.

இதை வெறும் பயண வசதிக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்பதே என் வாதம். ஊரில் தாய் இறந்தாள் என்று தோட்டத்திற்குத் தந்தி வரும். துரையிடம் விடுப்பும் கைச்செலவுக்குப் பணமும் கிடைத்தாலும், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஏழு நாள் கடல். கொள்ளி வைக்க வேண்டிய மகன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்வதே அரிது. ஆகவே பலர் போகவே இல்லை. ஆற்றங்கரையில் தலை முழுகிவிட்டு மறுநாள் பால் வெட்டப் போனார்கள். “ஊரை மறந்துவிட்டார்கள்” என்று அவர்களைச் சொல்வது நியாயமா? மனம் மறக்கவில்லை, நேரம்தான் இடம் கொடுக்கவில்லை.

1950களிலேயே விமானங்கள் பறந்தன. ஆனால் அது வசதி படைத்தோர் பயணம். ரஜூலா 1973இல் ஓய்வுபெற்றது. பின்னர் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985இல் நடுக்கடலில் ஏற்பட்ட தீயில் பலர் மாண்டனர். அத்துடன் அதன் பயணமும் முடிந்தது. சாதாரண மக்களும் விமானத்துக்கு மாறினர்.

இன்று நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தாலும் மறுநாள் மாலைக்குள் ஊர் போய் முகம் பார்க்கலாம். பெரும் பேறு அது. ஆனால் இவ்வளவு அருகில் வந்துவிட்ட ஊரில், நமக்காகக் காத்திருக்கும் உறவு எத்தனை மிச்சம்? தாத்தாவுக்கு உறவு இருந்தது, நேரம் இல்லை. நமக்கு நேரம் கிடைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, ஊர்ப் பெயரையும் உறவினர் பெயர்களையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகவரி தெரியாத ஊருக்கு எந்த விமானமும் போகாது.