காலேஜ்ல தப்பு பண்ணா சஸ்பெண்ட் மட்டும்தான் வழியா? 'மறுசீரமைப்பு நீதி' என்றால் என்ன?

கல்லூரியில் ஒரு மாணவர் இன்னொருவரை மோசமாகக் காயப்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்? விசாரணைக் குழு, "பேரன்ட்ஸை கூட்டிட்டு வா", ஒரு மன்னிப்புக் கடிதம். விஷயம் பெரிசுன்னா சஸ்பெண்ட்.

பாதிக்கப்பட்டவருக்கு? புகாரை எழுதிக் கொடுத்ததோடு அவர் பங்கு முடிந்தது. பெரும்பாலும் அதற்குப் பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த இடத்தைத்தான் மாற்றப் பார்க்கிறது 'ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்'. தமிழில் மறுசீரமைப்பு நீதி எனலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது நடைமுறையில் இருக்கிறது. கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இதைக் கையில் எடுத்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

டல்ஹவுசியில் என்ன நடந்தது?

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருக்கிறது டல்ஹவுசி பல்கலைக்கழகம். அங்கே பல் மருத்துவம் இறுதியாண்டு படித்த மாணவர்கள் 13 பேர் ஒரு ஃபேஸ்புக் குழுவில் இருந்தனர். கூடப் படிக்கும் மாணவிகளை வைத்து ஆபாசமான வாக்கெடுப்பு, மயக்க மருந்து கொடுப்பது பற்றி 'ஜோக்' என்று போனது அந்தக் குழு. 2014 டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது.

13 பேரையும் டிஸ்மிஸ் செய்யணும் என்று போராட்டம் வெடித்தது. ஆனால் அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் ஃப்ளோரிசோன், பாதிக்கப்பட்ட மாணவிகள் சிலர் மறுசீரமைப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார். மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக் பயிற்சியிலிருந்து மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டனர்.

'என்னது, பேசித் தீர்க்கப் போறாங்களா?' கோபம் இன்னும் அதிகமானது.

இது பஞ்சாயத்து கிடையாதா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் வித்தியாசம் பெரிது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் தீர்ப்பு சொல்வார்கள், ரெண்டு பேரும் கேட்டுக்கணும். இங்கே தீர்ப்பு சொல்ல ஆளே இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நடுவில் இருந்து பேச்சை நடத்துவார், அவ்வளவுதான்.

உள்ளே வரவே இரண்டு நிபந்தனைகள் உண்டு. தப்பு செய்தவர் 'நான் செய்தேன்' என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் வழக்கமான விசாரணைதான். பாதிக்கப்பட்டவர் தானாக விரும்பி வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

எடுத்த எடுப்பிலேயே இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பதும் இல்லை. நடத்துபவர் தனித்தனியாகப் பல முறை பேசுவார். நேருக்கு நேர் பார்க்க விருப்பமில்லை என்றால் கடிதம், அல்லது வேறொருவர் மூலம். அதன் பிறகுதான் சந்திப்பு. என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யணும் என்பதுதான் பேச்சு. கடைசியில் எழுத்துப்பூர்வமாக ஒரு ஒப்பந்தம் வரும். அதை நிறைவேற்றினாரா என்று பின்தொடர்ந்து பார்ப்பார்கள். 'சாரி' எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற கதை இல்லை.

இந்த முறையின் தொடக்கமும் கனடாதான். 1974-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தனர். ஒரு நன்னடத்தை அதிகாரியின் யோசனைப்படி, அவர்கள் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு நேரில் போய் நஷ்டத்தைக் கேட்டறிந்து ஈடு செய்தார்கள். கல்லால் கண்ணாடியை உடைப்பது ஈஸி, அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பது அப்படி இல்லை.

மாணவிகளே எதிர்த்தார்களா?

ஆமாம். இதுதான் டல்ஹவுசி விவகாரத்தில் முக்கியமான இடம். 2015 ஜனவரியில் அதே வகுப்பைச் சேர்ந்த நான்கு மாணவிகள் பெயர் வெளியிடாமல், தங்களுக்கு இந்த முறை வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். இது தங்களைப் பாதுகாக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

ஒரே வகுப்பு, ஒரே கிளினிக், அடுத்த சில மாதங்களில் பட்டம். இந்த நிலைமையில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கும்? இது நியாயமான கேள்வி. பேச்சுக்கு வராத பெண்ணை 'ஒத்துழைக்காதவள்' என்று பார்க்கும் ஆபத்தும் இருக்கிறது.

ரகசியம் இன்னொரு சிக்கல். ஒன்டாரியோவின் பல் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பு அந்த 13 பேரின் பெயர்களைக் கேட்டது. பல்கலைக்கழகம் தரவில்லை. நாளை இவர்களிடம் சிகிச்சைக்குப் போகப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது.

முடிவு என்ன ஆனது?

12 பேர் இந்த முறையில் பங்கேற்றனர். மீதமிருந்த ஒருவரின் விவகாரம் தனியாகப் போனது. 2015 மார்ச்சில் அந்த 12 பேரும் நிபந்தனைகளுடன் கிளினிக்குக்குத் திரும்பினார்கள். மே மாதம் விரிவான அறிக்கை வெளியானது. பங்கேற்ற மாணவிகள் அதில், தாங்கள் யாருடைய வற்புறுத்தலிலும் இதைத் தேர்வு செய்யவில்லை என்றனர். எதையும் உணராமல் கோபத்தோடு வெளியேற்றப்படும் 13 பேர் தங்களுக்குத் தேவையில்லை, மன்னித்து மறக்கவும் நினைக்கவில்லை, செய்ததை உணர்ந்தவர்களோடு பட்டம் வாங்கவே விரும்பினோம் என்பது அவர்கள் நிலை.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பிரச்சினை அந்த 13 பேரோடு நிற்கவில்லை. பேராசிரியர் கான்ஸ்டன்ஸ் பேக்ஹவுஸ் தலைமையிலான தனிக் குழு 2015 ஜூனில் கொடுத்த அறிக்கை, பல் மருத்துவப் பிரிவின் சூழலையே கேள்வி கேட்டது. சஸ்பெண்ட் ஆர்டர் ஒன்றோடு ஃபைலை மூடியிருந்தால் இதெல்லாம் பேசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நம்ம ஊரில் இது உண்டா?

ராகிங்கில் இதற்கு இடம் கிடையாது, இருக்கவும் கூடாது. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்குப் பிறகு தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ராகிங்குக்கு 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். யுஜிசியின் 2009 விதிகளின்படி, குற்றச் செயல் நடந்திருந்தால் கல்லூரி போலீஸில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். "உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராகிங் தடுப்பு உதவி எண்: 1800-180-5522.

பாலியல் தொல்லை புகார்களில் மட்டும் ஓரளவு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 2013 சட்டமும், கல்வி நிறுவனங்களுக்கான யுஜிசியின் 2015 விதிகளும் 'சமரசம்' என்ற வழியைத் தருகின்றன. ஆனால் அதைக் கேட்க வேண்டியது பாதிக்கப்பட்டவர். துறைத் தலைவரோ முதல்வரோ முந்திக்கொண்டு 'சமரசமா போயிடும்மா' என்று சொல்ல முடியாது. பணம் கொடுத்து முடிப்பதற்கும் அனுமதி இல்லை. சமரசத்தில் ஒப்புக்கொண்டதை எதிர்தரப்பு செய்யவில்லை என்று புகார்தாரர் தெரிவித்தால், உள் புகார் குழு முழு விசாரணையைத் தொடங்க வேண்டும் என்கிறது 2013 சட்டம்.