யவனர் மதுவும் தொண்டை நாட்டு நறும்பிழியும்

போன மாதம் திருவேற்காட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், "நல்ல ஒயினைக் குடிச்சா அது எந்த மண்ணில் விளைஞ்சதுன்னு தெரியும். அந்த ஊர்ச் சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்கணும். நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. பாதி மண்ணுக்குள் கிடைத்தது, மீதி பத்துப்பாட்டில் இருக்கிறது.

முதலில் மண். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடியும் தோண்டினார்கள். ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் நிறையக் கிடைத்தன. அவற்றில் முக்கியமானவை கிரேக்கத் தீவான கோஸ் பாணிச் சாடிகள். இரட்டைக் கம்பியை ஒட்டவைத்தது போன்ற கைப்பிடியை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானியரான கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு சிக்கல். அந்தச் சாடி வடிவத்தை இத்தாலியிலும் நகல் எடுத்தார்கள். அப்படியானால் எந்த ஊர்ச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? களிமண்தான் சாட்சி. வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துக் கம்பானியாச் சாடிகளில் கறுப்பு எரிமலை மணல் மின்னும். மது ஆவியாகி இரண்டாயிரம் வருஷம் ஆகியும் ஊர்ப் பெயர் ஓட்டில் நிற்கிறது!

ஆம்போரா என்றாலே மது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தவறு. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் கூட அதில் வந்தன. இந்தியாவில் ரோமானியச் சாடி என்று எழுதிவைத்த துண்டுகளில் சில, உள்ளே நிலக்கீல் பூசிய மெசபடோமியச் சாடிகள் என்று ராபர்ட்டா டாம்பர் பிறகு காட்டினார்.

வாங்குகிறவர்களும் ஊர் பார்த்துத்தான் வாங்கினார்கள். முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்', பரூச் துறைமுகத்தில் இத்தாலிய மதுவுக்கே முதலிடம், லவோதிக்கேயாவும் அரேபியாவும் அதற்கு அடுத்துதான் என்கிறது. முசிறிக்கும் மது வந்தது, ஆனால் அதிகமில்லை. கொஞ்சமாக வரும் சரக்கு யாருக்குப் போகும்? புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் பொற்கிண்ணத்தில் வருகிறது.

சரி, மற்றவர்கள் என்ன குடித்தார்கள்? நம்ம தொண்டை நாட்டுக்கே வருவோம். காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் ஒரு செய்முறையே தருகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, நல்லடை (நெல் முளை என்பது உரை) கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டுப் பிழிவது. முளைத் தானியத்தைச் சேர்ப்பதால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பீர் காய்ச்சுவதிலும் அடிப்படை இதுதான். தொட்டுக்கொள்ள? சுட்ட மீன். ஏரியிலும் குளத்திலும் வலை வீசுகிறவர் வீட்டில் வேறென்ன கிடைக்கும்!

மலைபடுகடாமில் மலை ஏறினால் பானமும் மாறிவிடுகிறது. அங்கே மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறல். மறுநாள் காலை மயக்கம் தெளிய கடமான் இறைச்சியும், புளியும் மோரும் கலந்து உலையேற்றிய மூங்கில் வளர் நெல் சோறும்.

ஆக, நண்பருக்கு என் பதில் இதுதான். அரசன் மது தூரத்து மண்ணைச் சொன்னது; அதற்கு மதிப்பே அந்தத் தூரம்தான். பாணன் குடித்தது நின்ற இடத்து மண்ணைச் சொன்னது. வயல் அரிசிக்குக் குளத்து மீன், மலைத் தேனுக்கு மலை மான். யாரும் உட்கார்ந்து பொருத்தம் பார்க்கவில்லை, பக்கத்தில் விளைந்தது பக்கத்தில் வந்து சேர்ந்தது. யவனச் சாடிக்கு மியூசியத்தில் ஓடாவது மிஞ்சியது. வலைஞர் பிழிந்த நறும்பிழிக்கு மிஞ்சியது அந்தச் சில வரிகள் மட்டும்தான்.