சீட்டு, சந்தை, பதக்கம்: மின்னணுச் சீட்டாட்டத்தின் அண்மைக்கால வரலாறு

2018ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியர்கள் இருவகைச் சீட்டாட்டங்களில் பதக்கம் பெற்றனர். பிரிட்ஜ் ஆட்டத்தின் ஆடவர் இணைப் பிரிவில் பிரணப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றனர். ஹார்த்ஸ்டோன் என்னும் மின்னணுச் சீட்டாட்டத்தில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். முன்னது நாட்டின் பதக்கக் கணக்கில் ஏறியது. பின்னது செயல்விளக்கப் போட்டி என்பதால் ஏறவில்லை. இரண்டிலும் சீட்டு கலைக்கப்படுகிறது. கைக்கு வருவது தற்செயல், அதைக் கொண்டு செய்வது திறன். ஆயினும் ஒன்று விளையாட்டாகவும் மற்றொன்று விளையாட்டின் முன்னோட்டமாகவும் கொள்ளப்பட்டன. பொழுதுபோக்குச் சீட்டாட்டத்தையும் போட்டிச் சீட்டாட்டத்தையும் பிரிக்கும் கோடு ஆட்டவிதிகளுக்குள் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று. அக்கோடு எங்கே, யாரால் வரையப்படுகிறது என்பதைப் பெங்களூரைச் சூழ்ந்த அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கன்னட நாட்டுக்குச் சீட்டு புதியதன்று. மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) கஞ்சிபா மரபை விரித்து, 'சாட்' எனப்படும் சீட்டாட்டங்கள் பலவற்றை வகுத்தார். முகலாயக் கஞ்சிபா 96 சீட்டுகளைக் கொண்டது. தசாவதாரக் கஞ்சிபா 120 சீட்டுகளைக் கொண்டது. உடையாரின் ஆட்டங்களுள் மிகப் பெரியது 360 சீட்டுகளை எட்டியது. இவற்றின் விவரங்கள் ஸ்ரீதத்வநிதி என்னும் தொகைநூலின் கௌதுகநிதிப் பகுதியில் இடம்பெற்றுள்ளன. நூலின் ஏனைய பகுதிகளில் தெய்வங்களின் திருவுருவ இலக்கணமும் தியான விளக்கமும் வருகின்றன. அரண்மனையைப் பொறுத்தவரை சீட்டு அறிவுத்துறைகளோடு ஒரே தொகுப்பில் அமரத்தக்க பொருளாக இருந்தது.

சேகரித்தும் பரிமாறியும் ஆடும் இன்றைய டிரேடிங் கார்டு ஆட்டம் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்பதிலிருந்து தொடங்குகிறது. அதுவரை ஆடுவோர் அனைவருக்கும் பொதுவான ஒரே கட்டு இருந்தது. இங்கு ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகின்றனர். உறைக்குள் என்ன சீட்டு இருக்கிறது என்பதை அறியாமலே விலை கொடுத்து வாங்குகின்றனர். 2002இல் இவ்வாட்டம் இணையத்திற்கு வந்தபோது பரிமாற்றமும் உடன் வந்தது. 2014இல் வெளியான ஹார்த்ஸ்டோன் பரிமாற்றத்தை முற்றிலும் நீக்கியது. அதில் சீட்டை உடைத்து வேறு சீட்டாக்கலாமேயன்றிப் பிறருக்கு விற்க இயலாது.

அவ்வாட்டம் பொழுதுபோக்கு, தரவரிசை என இரு வாயில்களைத் திறந்துவைத்தது. இரண்டிலும் சீட்டுகளும் விதிகளும் ஒன்றே. தரவரிசையில் வெற்றி, தோல்வி ஒவ்வொன்றும் வெளிப்படையான நிலையாகப் பதிவாகின்றது. எனவே ஆடுவோர் சோதித்துத் தேர்ந்த சில கட்டுகளையே நாடுகின்றனர். பொழுதுபோக்கில் விசித்திரமான கட்டுகளுக்கு இடம் கிடைக்கிறது. ஆயினும் அங்கும் நிகரான எதிராளியைத் தேடித் தரும் மறைமதிப்பெண் ஒன்று இயங்குகிறது. ஆக, போட்டி இரண்டிலும் உண்டு. ஒன்றில் அது காட்டப்படுகிறது, மற்றொன்றில் மறைக்கப்படுகிறது.

இந்திய நீதிமன்றங்கள் இவ்வேறுபாட்டைப் பணத்தின் வழியே அணுகின. செகந்திராபாத்தின் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரிதும் திறன்சார்ந்தது எனக் கூறியது. அதிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் உள்ளதைப் போன்றதே என்றும் விளக்கியது. அதே தீர்ப்பின் மற்றொரு பகுதி அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துவோர் ஆதாயம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் குறித்திருந்தது. ஆடுபவரின் திறன், ஆட்டுவிப்பவரின் வருவாய் என்னும் இரு கேள்விகளுள் முதலாவதே பின்னாளில் மேலோங்கியது.

2021இல் கர்நாடக அரசு காவல் சட்டத்தைத் திருத்தி, திறன்சார்ந்த ஆட்டமாயினும் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. குதிரைப் பந்தயத்திற்கும் லாட்டரிக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இத்திருத்தத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. இதே காலத்தில் தமிழ்நாடு, கடன்பட்டு உயிர்நீத்தோரை முன்னிறுத்தி இக்கேள்வியை எழுப்பியது. 2022இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதிய சட்டமும் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மி, போக்கர் இரண்டும் திறன்சார்ந்தவை என்று அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது.

சந்தையே ஆட்டமானால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது 2023ஆம் ஆண்டின் மற்றொரு வழக்கு. கிரிக்கெட் வீரர்களின் மின்னணுச் சீட்டுகளை உரிமம் பெற்று விற்ற ராரியோ, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.பி.எல். குழுமத்தின் ஸ்ட்ரைக்கர் தளத்திற்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. முகமது சிராஜ் உள்ளிட்ட வீரர்களும் உடன் வழக்காடினர். ஸ்ட்ரைக்கரின் சீட்டுகளில் நிழற்படங்கள் இல்லை. வீரர்களின் பெயர்களும் ஓவியங்களுமே இருந்தன. பொதுவெளியில் உள்ள பெயரையும் ஆட்டப் புள்ளிவிவரத்தையும் பயன்படுத்துவதை ஒருவர் தடுக்க இயலாது எனக் கூறி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. சீட்டில் இருப்பது யாருடைய சொத்து என்பதே அங்கு வாதமாயிற்று. அதை ஆடுபவர் விளையாடுகிறாரா, வணிகம் செய்கிறாரா என்பது கேள்வியாகவே எழவில்லை.

அக்கேள்வியை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் எழுப்புகிறது. அது ஆட்டங்களை மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூவகையாகப் பிரிக்கிறது. திறனா, தற்செயலா என்னும் பழைய அளவுகோலைக் கைவிட்டு, எவ்வகையாயினும் பண விளையாட்டைத் தடுக்கிறது. பணமாக மாற்றத்தக்க மெய்நிகர்ப் பொருளும் அதன்படி பணயமாகும். சீட்டை விற்க இயலாதபடி ஹார்த்ஸ்டோன் செய்த ஏற்பாடு வெறும் வடிவமைப்பு நுணுக்கம் அன்று என்பது இப்போது விளங்கும். பரிமாறத்தக்க சீட்டைக் கொண்ட ஆட்டம் பண விளையாட்டை நெருங்குகிறது. பரிமாற இயலாத சீட்டைக் கொண்டது மின்விளையாட்டாகத் தகுதி கோரலாம். பெங்களூரு நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. கர்நாடகம் உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

தமிழில் 'ஆடு' என்னும் ஒரே வினை சூதாடுதலுக்கும் விளையாடுதலுக்கும் உரியது. 'சீட்டு' என்னும் ஒரே பெயர் ஆட்டத்துக்கும் மாதந்தோறும் பணம் கட்டும் சேமிப்புக்கும் உரியது. மொழி சேர்த்து வைத்திருப்பதைச் சட்டம் பிரிக்க முயல்கிறது. ஆனால் பணயத்தைத் தடுக்கும் சட்டம், உள்ளிருப்பது தெரியாமல் விற்கப்படும் சீட்டுறையைப் பற்றி என்ன சொல்லும்? வென்றவர் பணம் பெறாதவரை அது பொழுதுபோக்கே எனக் கொண்டால், 1968இல் உச்ச நீதிமன்றம் குறித்த இரண்டாவது கேள்வி, அதாவது ஆட்டுவிப்பவரின் ஆதாயம் பற்றியது, இன்னும் விடையின்றியே நிற்கிறது.