கொடி நாளுக்கு முன்னால் ஒரு பூ இருந்தது

டிசம்பர் 7 என்றால் கொடி நாள். சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் காகிதக் கொடி பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. ஆசிரியர் உண்டியலை நீட்டுவார், காசு போட வேண்டும், அவ்வளவுதான்! அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்த நாள் பிறந்த கதையே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு முடிவுக்கு வந்தது. பிரான்ஸ், பெல்ஜியம் போர்க்களங்களில் குண்டு விழுந்து கிளறிப்போன மண்ணில் சிவப்பு பாப்பிப் பூக்கள் (நம் கசகசாச் செடிக்கு உறவு) நிறையப் பூத்ததால், செத்துப்போன வீரர்களின் அடையாளமாக அந்தப் பூ ஆகிவிட்டது. 1921இல் இருந்து பிரிட்டனில் நவம்பர் மாதத்தில் செயற்கைப் பாப்பிப் பூக்களை விற்று, முன்னாள் வீரர்களுக்காகப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் அவர்களுடைய காலனி நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் போரில் இந்தியாவில் இருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. ஆகவே இங்கேயும் நவம்பர் 11 பாப்பி நாளாக அனுசரிக்கப்பட்டது. ஆனால் வசூலான பணத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் பங்கு போனது. இந்திய வீரருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர்களும் ஆங்கிலேயர்களே. கொடுத்தது ஒருவர், பங்கு போட்டது இன்னொருவர்!

இந்த அநியாயத்தை வெளிப்படையாகப் போட்டு உடைத்தது பக்கத்து நாடான இலங்கை. அங்கே பாப்பிப் பணத்தின் பெரும்பகுதி பிரிட்டனுக்கே போய்க்கொண்டிருந்தது. போரில் பணியாற்றிய ஏலியன் பெரேரா என்பவர், அதே நவம்பர் 11இல் போட்டியாக வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் அதற்குச் சூரிய மல் என்று பெயர். தமிழில் சொன்னால் வேறு ஒன்றும் இல்லை, நம்ம ஊர் பூவரசம் பூதான்! கிடைக்கும் பணம் கஷ்டப்படும் இலங்கை முன்னாள் வீரர்களுக்கு என்பது ஏற்பாடு.

1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை, பூக்களின் போர் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரையை 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் எழுதினார். தன் நாட்டு முன்னாள் வீரன் கஷ்டத்தில் இருக்க, இலங்கைப் பள்ளிக் குழந்தைகளைப் பாப்பிப் பூ வாங்கவைத்து பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பணம் அனுப்புவது என்ன நியாயம் என்பதே அவரது கேள்வி. எழுதியவரும் ஆங்கிலேயர் என்பதால் சக வெள்ளைக்காரர்களின் கோபம் முழுவதும் அவர் மேல் பாய்ந்தது. ஆனால் கொழும்பு இளைஞர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சூரிய மல் இயக்கம் உருவாகி, அவரையே தலைவியாகவும் தேர்ந்தெடுத்தது. பாப்பி விற்பவர்களுக்கு எதிரே நின்று மஞ்சள் பூவரசம் பூவை விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதால் பெரிய தொகை ஒன்றும் சேரவில்லை. ஆனாலும் அரசு பயந்துபோய் தெரு வசூலுக்கே கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இதே இளைஞர்கள்தான் கிராமங்களில் நிவாரண வேலை செய்தார்கள். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததும் இந்த வட்டத்தில் இருந்துதான். ஒரு உண்டியல் சண்டை எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

இந்தியாவில் மாற்றம் வர சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதோடு பிரிவினை, காஷ்மீர் போர். அந்தப் போர் 1949 ஜனவரி 1இல் தான் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28இல் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் கூடிய குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடி நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. அப்போது அமைச்சராக இருந்தவர் பல்தேவ் சிங். பூ போய்க் கொடி வந்தது. பணமும் இங்கேயே தங்கியது. போரில் இறந்தவர் குடும்பங்கள், பார்வை இழந்த வீரர்கள் என்று தனித்தனியாக இருந்த நிதிகள் 1993இல் கொடி நாள் நிதியோடு ஒன்றாக இணைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் வழியாக இந்த வசூல் நடக்கிறது.

சரி, ராணுவத்தில் இருந்தவருக்குத்தான் ஓய்வூதியம் உண்டே, உண்டியல் எதற்கு? இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் ஜவான்கள் பலர் நாற்பது வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கிற வயதில் அப்பா ஓய்வு பெற்றுவிடுகிறார். அதுவாவது பரவாயில்லை. சாதாரண ஓய்வூதியம் பெற ஒரு ஜவானுக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன்பே அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு மாதா மாதம் வருவது எதுவும் இல்லை. இவர்களில் 65 வயது தாண்டி வறுமையில் இருப்பவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் கொடி நாள் நிதியில் இருந்து மாத உதவி தரப்படுகிறது. 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 அக்டோபரில்தான் 8,000 ஆக உயர்த்தப்பட்டது. நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவரின் முதுமை, பட்ஜெட்டை நம்பி இல்லாமல் நன்கொடையை நம்பி இருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேவைக்காலம் 4 ஆண்டுகள். அதன் பிறகு நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர்கள் அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்களுக்கு மொத்தமாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. இருபதுகளின் தொடக்கத்திலேயே இவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 65 வயதாக இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கும்.